மூன்று தடவை கேட்கிற பாத்திரக்காரர்

பாத்திர விற்பனைக்கென்று பால்மர் ரோவாங் முதன்முதலில் தட்டிய கதவு, டுவெட்டன் வீட்டு முன்வாசல் கதவு. தட்டிவிட்டு, கம்பெனி சொல்லிக் கொடுத்தபடி ஒரு அடி பின்னால் நகர்ந்து, தொப்பியைக் கழற்றி, சிரித்த முகமாக நின்றார். உள்ளே தடபுடலென்று சத்தம். எதையோ இழுக்கிறார்கள், எதையோ உருட்டுகிறார்கள். கதவு அசைந்தது, திறக்கவில்லை. பிறகு கடப்பாரை போட்டு நெம்புகிற ஓசை. சிரித்த முகம் குளிரில் அப்படியே உறைந்துபோன பிறகுதான் கதவு ஒரு சாண் விலகியது. அந்த இடுக்கில் போர்கில்ட் டுவெட்டனின் வெளிறிய முகம்.

"யாரு செத்தது?" என்றாள் போர்கில்ட்.

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், எங்கள் ஹாலன் பக்கத்துப் பண்ணை வீடுகளில், முன்வாசல் என்பது சவப்பெட்டி போவதற்கும் பாதிரியார் வருவதற்கும்தான். மற்ற நாளெல்லாம் அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டை சாய்த்திருக்கும். மனிதர்கள் சமையலறைப் பின்கதவு வழியாக வந்து போவார்கள். இது பால்மருக்குத் தெரியாததல்ல. எட்டு மைல் தள்ளி இருந்த ரோவாங் பண்ணையில்தான் அவர் பிறந்தார், வளர்ந்தார், கோதுமைத் தூசியில் மூச்சிரைத்தே பாதி இளமையைக் கழித்தார். நிலம் அண்ணன் செல்மருக்குப் போனதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை. ஆனால் பாத்திரக் கம்பெனி சிகாகோவிலிருந்து அனுப்பிய ஆள், முன்வாசலில்தான் தட்ட வேண்டும், அதில்தான் மரியாதை என்று மூன்று நாள் வகுப்பெடுத்திருந்தான். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பால்மர் நம்பிவிட்டார்.

"யாரும் சாகலைம்மா. எவர்சில்வர் பாத்திரம் காட்ட வந்தேன்."

"நீ ரோவாங் பையன்தானே? பின்கதவு எங்க இருக்குன்னு உனக்கு யாராவது சொல்லணுமா? உள்ள என் புருஷன் கோட்டு மாட்டிட்டு நிக்கிறாரு, அவரு தம்பிக்கு ஏதோ ஆயிருச்சுன்னு!"

அன்றைக்கு அவர் ஒரு கரண்டிகூட விற்கவில்லை. ஆனால் சிகாகோக்காரனின் பாடத்தை வண்டியின் பின்சீட்டில் போட்டவர், பிறகு அதை எடுக்கவே இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. தண்ணீர் விடாமலே கேரட் வேகும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே அடுப்பில் இறைச்சியும் காயும் கேக்கும் தயாராகும் என்பது அந்தப் பாத்திரங்களின் பெருமை. விற்கும் முறையும் விசித்திரமானது. விற்பவரே ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அடுப்பில் தானே சமைத்து, அக்கம்பக்கத்து நாலைந்து பேருக்கு மத்தியானச் சாப்பாடு போட வேண்டும். சாப்பிட்டவர்கள் வீட்டுக்கு அடுத்தடுத்த நாள்களில் தனித்தனியாகப் போய்ப் பேச வேண்டும். ஏப்ரன் கட்டிய ஆண்பிள்ளையை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. பால்மரை வேடிக்கை பார்க்கவே முதலில் கூட்டம் வந்தது. வந்தவர்கள் கேரட்டைச் சாப்பிட்டுவிட்டு, "மோசமில்ல" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

ஆனால் பாத்திரம் விற்றது சமையலால் அல்ல. ஒரு வீட்டுக்குள் நுழையும் முன்பே அவர் அந்த வீட்டைப் பார்த்துவிடுவார். கொடியில் குழந்தைத் துணி நிறையத் தொங்கினால் கேக் சட்டியைப் பற்றிப் பேசவே மாட்டார். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கேக் செய்ய ஏது நேரம்? பெரிய குழம்புப் பாத்திரத்தை மட்டும் எடுத்துப்போவார். நாய் அவரைப் பார்த்ததும் வாலை ஒடுக்கினால், வீட்டுக்காரர் கோபக்காரர் என்று தெரிந்துகொண்டு, அவர் வயலுக்குப் போன நேரமாகப் பார்த்துத் திரும்ப வருவார். உள்ளே போனால் பெட்டியைத் திறக்க மாட்டார். மழையைப் பேசுவார், மாட்டைப் பேசுவார், கல்யாணமாகிப் போன மகளிடமிருந்து சேதி வந்ததா என்று கேட்பார். ஈரத்தட்டு இருந்தால் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவர் நடிக்கவில்லை. அடுத்தவர் சமையலறையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. தன் வீட்டுச் சமையலறையில் அவரோடு பேச ஒரு கடிகாரம்தான் இருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய வித்தை இன்னொன்று. அதை வித்தை என்று சொல்வதே தப்பு, எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அது தெரியும். எங்கள் ஆட்கள் எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். காபி வேண்டுமா என்றால், "வேணாம், வேணாம், எதுக்குச் சிரமம்" என்பார்கள். மறுபடி கேட்டால், "இல்ல, நான் கிளம்பணும்" என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான், "சரி, போட்டே ஆச்சுன்னா, ஒரு அரைக் கப்" என்பார்கள். அரைக் கப் ஊற்றினால் அவமானம். தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டும். முதல் தடவையிலேயே வாங்கிக் குடித்தவன் பட்டணத்திலிருந்து வந்தவன் என்று அர்த்தம். இரண்டாவது தடவையோடு கேட்பதை நிறுத்தியவன் கஞ்சன் என்று அர்த்தம்.

பால்மர் பாத்திரத்தையும் காபி மாதிரியே விற்றார். ஒரு தடவை லேசாகக் கேட்பார். "எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார்கள். தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. "இருக்கிற சட்டியே போதும்" என்பார்கள். பெட்டியை மூடிவிட்டு எழுந்துவிடுவார். எழுந்தால் உடனே போய்விட முடியாது; எங்கள் ஊரில் விடைபெறுவது ஒரு தனி விருந்து. நாற்காலியருகில் கொஞ்சம், கதவருகில் கொஞ்சம், முற்றத்தில் கொஞ்சம் என்று பேசிக்கொண்டே நகர்வார்கள். உண்மையாகவே வேண்டாம் என்பவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கையசைப்பதோடு சரி. வேண்டும் என்பவர்கள் வண்டிவரை வருவார்கள். கார்க் கதவின்மேல் கையை ஊன்றி, சாலையைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் பேசுவார்கள். அப்போது மூன்றாவது தடவை கேட்க வேண்டும். பால்மர் எழுதிய ஆர்டர்களில் முக்கால்வாசி காரின் ஸ்டியரிங் மேல் வைத்து எழுதியவை.

ஆர்டெல் ஹூஸ்பியைத் தேடி அவர் போனதும் வியாபாரத்துக்காகத்தான். கல்யாணமாகாத, சம்பாதிக்கிற பெண்கள்தான் கம்பெனிக்குச் செல்லமான வாடிக்கையாளர்கள். அவர்கள் கல்யாணப் பெட்டியில் துணியும் பாத்திரமும் சேர்த்துவைப்பார்கள். ஆர்டெல் ஊரின் டெலிபோன் ஆபரேட்டர். அவள் வீட்டு முன்னறையில்தான் ஸ்விட்ச்போர்டு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஹாலன் முழுவதையும் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்குமாக அவள்தான் இணைத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. அம்மா இறந்த பிறகு தனியாக இருந்தாள்.

"கல்யாணப் பெட்டிக்கா?" என்று சிரித்தாள். "அதுல இப்ப பூனை தூங்குது, பால்மர். பூனைக்கு எவர்சில்வர் எதுக்கு?"

அப்புறம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் நின்று போனார். ஊரில் யார் என்ன பேசினாலும் அவள் காது வழியாகத்தான் போகும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. பால்மருக்கு மட்டும் சில நாள் சொல்வாள். "இந்த வாரம் ஓஸ்ட்பி வீட்டுப் பக்கம் போகாதீங்க." ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை. பிறகுதான் தெரியவரும், அந்த வீட்டில் மாடு செத்தது என்றோ மகன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான் என்றோ. துக்கம் நடந்த வீட்டில் பாத்திரப் பெட்டியோடு போய் நிற்கிற பாவத்திலிருந்து அவரைக் காப்பாற்றியது ஆர்டெல்தான். பதிலுக்கு அவர் அவள் குழாயைச் சரிசெய்து கொடுத்தார், புகைபோக்கியைச் சுத்தம் செய்தார், சும்மா உட்கார்ந்து அவள் பிளக்குகளை மாற்றி மாற்றிச் செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைகள் அவசரப்பட்டதே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் மூச்சிரைப்பும் அடங்கிவிடும்.

ஒரு இலையுதிர் காலத்து மத்தியானம், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டார். அவர் கேட்ட அழகைச் சொல்ல வேண்டும்.

"ஆர்டெல், யோசிச்சுப் பார்த்தேன். உங்க வீட்ல ஒரு அடுப்பு, என் வீட்ல ஒரு அடுப்பு. ரெண்டுலயும் விறகு எரியுது. வீண்தானே?"

ஆர்டெலின் கழுத்து சிவந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் இதைவிட வெளிப்படையாக யாரும் பெண் கேட்டதில்லை.

"ஐயோ, வேணாம்" என்றாள். "எதுக்கு உங்களுக்கு அந்தச் சிரமம்?"

அந்த நேரம் பார்த்து ஸ்விட்ச்போர்டில் விளக்கு எரிந்தது. அவள் திரும்பிப் பிளக்கைச் செருகினாள். பால்மர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அசடு! வேறு என்ன சொல்வது? நான்கு இரும்புச் சட்டி வைத்திருக்கிறவளிடம் ஐந்தாவது சட்டிக்கு மூன்று தடவை கேட்கத் தெரிந்த மனிதர், தனக்கென்று வந்தபோது முதல் 'வேணாம்' என்பதையே கல்வெட்டாக எடுத்துக்கொண்டார். பாத்திரம் நல்ல பாத்திரம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தன்னைப் பற்றி அப்படி நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை. நிலம் இல்லாதவன், மூச்சிரைக்கிறவன், ஏப்ரன் கட்டிச் சமைக்கிறவன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் போனபோது ஆர்டெல் புது ரவிக்கை போட்டிருந்தாள், மேஜையில் அப்போதுதான் சுட்ட ஆப்பிள் பலகாரம் வைத்திருந்தாள். பால்மர் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, கம்பெனி கொண்டுவந்திருக்கிற புது மூடியைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அப்படியே இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

பிறகு டயல் டெலிபோன் வந்தது. இனி யாருக்கும் ஆபரேட்டர் வேண்டாம், ஸ்விட்ச்போர்டைக் கழற்றப் போகிறார்கள் என்ற செய்தி போர்கில்ட் டுவெட்டனின் சமையலறையில்தான் பால்மர் காதில் விழுந்தது. கூடவே இன்னொன்றும். மேற்குக் கடற்கரையில், டகோமாவில் இருக்கிற அக்காவோடு போய் இருக்கப் போகிறாள் ஆர்டெல். வீட்டுக்கு ஆள் பார்த்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில்.

பால்மர் அன்றைக்குக் காபியை மூன்றாவது தடவை கேட்டும் வேண்டாம் என்றுவிட்டார். போர்கில்ட் அவரை உற்றுப் பார்த்தாள்.

மறுநாள் ஆர்டெலே கூப்பிட்டாள். "இத்தனை வருஷம் எல்லார் வீட்லயும் சமைச்சீங்க, என் வீட்ல சமைக்கலியே. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சமைச்சுப் போடுங்க. சனிக்கிழமை மத்தியானம். போர்கில்டையும் டில்மனையும் கூப்பிட்டிருக்கேன்."

பிரிவு விருந்து என்று பால்மர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

சனிக்கிழமை பனி பெய்யவில்லை, ஆனால் குளிர் எலும்பைத் தொட்டது. முன்னறையில் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கல்யாணப் பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பூனை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பால்மர் அதைப் பார்த்தார். நேராகச் சமையலறைக்குப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கேரட் சீவ ஆரம்பித்தார். போர்கில்டின் கணவர் டில்மன் முன்னறையில் நாற்காலியில் சாய்ந்தார். வாயைத் திறந்தால் காசா பணமா என்று நினைக்கிற ரகம் அல்ல அவர். திறப்பதே வீண் என்று நினைக்கிற ரகம். ஆர்டெல் கடைசிக் கடைசியாக வருகிற போன்களை இணைத்துக்கொண்டிருந்தாள்.

போர்கில்ட் தட்டைத் துடைக்கிற சாக்கில் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன்ப்பா பால்மர், அவ போறா. நீ ஒண்ணும் கேக்கப் போறதில்லையா?"

"கேட்டாச்சு. வேணாம்னுட்டாங்க."

போர்கில்டின் கை நின்றது. "எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"எத்தனை தடவை கேட்டே?"

பால்மர் கேரட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தடவை."

"ஒரு தடவை!" போர்கில்ட் துணியை மேஜைமேல் வீசினாள். "எனக்கு வறுவல் சட்டி வேணாம்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், உள்ள உக்காந்திருக்காரே அவருக்கும் தெரியும். அதுக்கு மூணு தடவை கேட்டியே, வாய் வலிச்சுதா? ஒரு தடவை கேட்டதும் சரின்னு சொல்ல அவ என்ன பட்டணத்துக்காரியா? ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நெஜமாவே வேணாம்னு சொல்லியிருந்தா?"

"அப்ப அதையும் மூணு தடவை சொல்லட்டும். உனக்கென்ன, கேட்டுப் பழகின வாய்தானே."

பால்மர் திரும்பிக் கேரட்டைச் சட்டியில் போட்டார். தீயைக் குறைக்க மறந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று அவருடைய கேரட் அடிப்பிடித்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டில்மன் கருகிய பக்கத்தையும் மென்று விழுங்கிவிட்டு, "மோசமில்ல" என்றார்.

சாப்பாடு முடிந்து, டுவெட்டன் தம்பதி நாற்காலியருகில் விடைபெற்று, கதவருகில் விடைபெற்று, முற்றத்தில் விடைபெற்று ஒருவழியாகப் போனார்கள். போர்கில்ட் போகும்போது பால்மரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே ஒரு குத்து விட்டாள்.

பால்மர் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினார். ஆர்டெல் பக்கத்தில் நின்று மூடிகளை எடுத்துக் கொடுத்தாள். கடைசி மூடியை வாங்கியவர் அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை.

"ஆர்டெல், அன்னிக்கு நான் அடுப்பைப் பத்தி ஒண்ணு கேட்டேன். அது இப்பவும் அப்படியேதான் இருக்கு."

ஆர்டெல் மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தாள். "டிக்கெட்டெல்லாம் எடுத்தாச்சு, பால்மர். நீங்களும் ஊர் ஊரா அலையிறவங்க. என்னையும் எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்? வேணாம்."

இது இரண்டாவது. அது அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த வார்த்தை நெஞ்சில் இறங்குவது வேறு. அவள் முகத்தை அவரால் படிக்க முடியவில்லை. ஊரிலுள்ள எல்லாச் சமையலறை முகங்களையும் படித்தவருக்கு இந்த ஒரு முகம் மட்டும் எழுத்தே தெரியாத பாஷையாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நல்லாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கினார்.

காரில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். குளிரில் அது சூடாகச் சற்று நேரம் பிடிக்கும். சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஆர்டெல் அங்கே நின்றாள். பிறகு கையைத் தூக்கி அசைத்தாள்.

ஜன்னலிலிருந்து கையசைத்தால் அது உண்மையான வேண்டாம். பதினைந்து வருஷப் பாடம், ஒரு தடவைகூடத் தப்பாகாத பாடம். பால்மர் தானும் கையசைத்தார். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. பனியென்று கையுறையால் துடைத்தார், அது பனியல்ல. இன்ஜின் எப்போதோ சூடாகிவிட்டது. அவருக்குத்தான் கியரைப் போட மனசு வரவில்லை.

பின்கதவு திறந்தது.

ஆர்டெல் கோட்டுகூட மாட்டாமல், கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தோடு பனியில் சறுக்கிச் சறுக்கி வந்தாள். பால்மர் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார்.

"உருளைக்கிழங்கு ரொட்டி. மீந்துருச்சு" என்றாள். "வழியில சாப்பிடுங்க." பொட்டலத்தைக் கொடுத்தாள். கொடுத்தவள் போகவில்லை. கார்க் கதவின்மேல் ஒரு கையை ஊன்றினாள். "மேற்கால கறுத்திருக்கு. பெய்யும் போல."

"பெய்யும் போலதான்" என்றார் பால்மர். அவருக்கு மூச்சிரைத்தது.

"ரோடு வழுக்கும்."

"வழுக்கும்."

அவள் விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. இன்னும் கதவின்மேலேயே இருந்தன. பால்மர் அந்த விரல்களைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்தக் கதவின்மேல் எத்தனையோ கைகள் ஊன்றியிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அவர் என்ன செய்வார் என்பது அவருக்குத் தெரியும்.

"ஆர்டெல்" என்றார். அடுப்பு, விறகு எதுவும் இந்தத் தடவை வாயில் வரவில்லை. "நீங்க போனா எனக்கு இந்த ஊர்ல யாருமில்ல. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் மேற்குப் பக்கத்து மேகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கண்ணில் நீரும் உதட்டோரத்தில் குறும்பும் ஒன்றாக வந்தன.

"முதல் தடவைக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவுல ரெண்டு குளிர்காலம், பால்மர். ரெண்டு! மூணாவதுக்கு நான் டகோமாவுல கிழவியாகிக் காத்திருக்கணுமோன்னு பயந்துட்டேன்."

"தப்புதான்" என்றார் பால்மர். "அப்ப, பதில்?"

ஆர்டெல் கதவின்மேல் இருந்த கையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளிரில் நடுங்கிக்கொண்டே, எங்கள் ஊர்ப் பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்கு, அந்த நேரத்திலும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றாள்.

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..." என்றாள். "ஒரு அரைக் கப்."

பால்மர் இன்ஜினை அணைத்தார்.